விளக்குக் கோபுரத்தின் நிழலில்

சென்னை மாநகரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டுப் பொன்னேரியைக் கடந்து கிழக்கே திரும்பினால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர்ப் பயணத்தில் பழவேற்காட்டை அடையலாம். அங்கிருந்து ஏரியின் மேல் செல்லும் பாலத்தைக் கடந்தால், ஒருபுறம் ஏரியும் மறுபுறம் வங்கக் கடலும் நெருக்கி நிற்கும் மணற்பரப்பில் மீனவர் குப்பங்கள் வரிசையாகத் தென்படுகின்றன. அவற்றுள் ஒன்று லைட்ஹவுஸ் குப்பம். கரையில் ஓங்கி நிற்கும் கலங்கரை விளக்கமே ஊருக்குப் பெயராயிற்று. பழவேற்காட்டுக் கடலில் மறைந்து கிடக்கும் மணல் திட்டுகளிலிருந்து கப்பல்களை விலக்கி அனுப்புவது அந்த விளக்கின் பணி.

இந்த ஏரியைப் பற்றி வாசகர்கள் சிறிது அறிந்துகொள்வது நன்று. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. தெற்கே ஆரணி ஆறும், வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே புகுந்து மீள்கிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் இந்த வாயிலின் வழியாகவே ஏரிக்குள் வந்து, சேற்றிலும் புல்லிலும் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மணல் வந்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டாலோ, இறால் வருவதில்லை. படகுகளும் கடலுக்குப் போக இயலுவதில்லை. ஊரின் அடுப்பு எரிவதும் அணைவதும் அந்த ஒரு வாயிலைப் பொறுத்தே இருக்கின்றன.

இக்கரை பல கொடிகளைக் கண்ட கரை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியர் வந்தனர். பழவேற்காட்டில் இன்றும் மக்கள் நாடிச் செல்லும் மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515ஆம் ஆண்டு என்று கூறுவர். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வாணிகத்துக்குத் தலைமையிடமாக்கினர். இங்கிருந்து துணிகள் மட்டுமா கப்பலேறின? பஞ்சத்தாலும் போராலும் நொறுங்கிய ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் 17ஆம் நூற்றாண்டில் அடிமைகளாக விலைபேசப்பட்டு, இத்துறையிலிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்கு ஏற்றப்பட்டனர். இன்று அந்தக் கோட்டை புதர் மண்டிய இடிபாடு. டச்சுக்காரரின் கல்லறைகளில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பெண்ணை விலைப்பொருளாக எண்ணிய வல்லரசு மறைந்தது. பெண்ணைக் கடவுளின் மகள் என்று மதித்த நாசரேத்தூர்த் தச்சரின் திருப்பெயரோ, அதே ஏரிக்கரையில் இன்றும் மாலைச் செபங்களில் ஒலிக்கிறது. இது சிந்திக்கத்தக்கதன்றோ!

சேற்றில் துழாவும் கைகள்

குப்பத்துப் பெண்களின் நாள் கதிரவனுக்கு முன்பே தொடங்குகிறது. படகுகள் கரை சேரும் வேளையில் அவர்கள் கூடைகளுடன் காத்து நிற்கிறார்கள். ஏலத்தில் மீனெடுத்து, பனிக்கட்டி இட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறார்கள். விற்காத மீனை உப்பிட்டுக் கருவாடாக்குகிறார்கள். வீடு திரும்பியபின் தண்ணீர், சமையல், பிள்ளைகள் என்று மற்றொரு வேலைநாள் தொடங்குகிறது.

இவர்களினும் எளியவர் ஏரிக்குள் இறங்கும் இருளர் பெண்கள். வலையில்லை, படகில்லை. இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி, அகப்படும் இறாலைப் பனையோலைப் பறியில் போடுகிறார்கள். கைகள் இரண்டும் நீருக்குள் வேலை செய்வதால் பறியின் கயிற்றைப் பற்களால் கவ்விக்கொள்கிறார்கள். இதே ஏரியின் கிழக்குக் கரையில்தான், செயற்கைக்கோள்களை விண்ணுக்கு ஏவும் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. மனிதன் விண்ணை எட்டிய அதே இடத்தில், ஒரு தாய் அன்றைய அரிசிக்காகச் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறாள்.

ஏரியில் எந்த நாளில் எவர் எங்கே வலையிடுவது என்பதை முறைப்படுத்த மீனவர்கள் வகுத்த பழைமையான ஏற்பாடு ஒன்று உண்டு; அதற்குப் ‘பாடு’ என்று பெயர். சண்டையின்றி எல்லாரும் பிழைப்பதற்கு முன்னோர் கண்ட அறிவார்ந்த வழி அது. ஆயினும் அந்தப் பங்கு மரபுவழியாக ஆண்களுக்கே உரியது. ஏரியை நம்பி வாழும் பெண்ணின் பெயர் அந்தக் கணக்கில் இல்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருச்சபை திருக்குடும்பத் திருவிழாவைக் கொண்டாடிய நாள். அன்று காலையில்தான் ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் பலியாயின. பல கடற்கரை ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். ஆழ்கடலில் இருந்த படகுகளின் அடியில் அலை அமைதியாகக் கடந்துபோயிற்று. மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்களையும், பிள்ளைகளைத் தூக்க ஓடியவர்களையும் அது விழுங்கிற்று. பெண்ணின் கடமையே அன்று அவளுக்குக் கண்ணியாயிற்று.

ஒரு நேர்மையான கேள்வி

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம்மோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தாய் இவ்வாறு கேட்டார்: “பூசைக்குப் போறோம், செபமாலை சொல்றோம், எல்லாம் சரிதான் ஐயா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால இருந்தவரு, நாளைக்கு வர்ற தண்டல்காரனுக்கு என்ன பதில் சொல்லுவாரு?”

இதை அவநம்பிக்கை என்று கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் கடன் தவணை வசூலிக்க வாசலில் ஆள் நிற்கும் வீட்டில் எழும் நேர்மையான கேள்வி அது. நகரத்து மாடி வீடுகளிலும் வேறு சொற்களில் எத்தனையோ பெண்கள் இதையே கேட்கிறார்கள். இதற்கு விடை தேடி நாம் மற்றோர் ஏரிக்கரைக்குச் செல்ல வேண்டும்.

கலிலேயா ஏரி சுமார் 21 கிலோமீட்டர் நீளமுடையது. நன்னீர் ஏரியாயினும் அவ்வூரார் அதைக் கடல் என்றே அழைத்தனர். அதன் மேற்குக் கரையில் மகதலா என்றொரு சிற்றூர் இருந்தது. மகதலா என்றால் கோபுரம் என்பது பொருள். யூத நூல்கள் ‘மீன் கோபுரம்’ என்று பொருள்படும் பெயரால் குறிக்கும் ஊர் இதுவே என்பர் அறிஞர். கிரேக்கர் வழங்கிய தரிக்கேயா என்னும் பெயரோ, மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழிலைக் குறிப்பது. சுருங்கச் சொன்னால், கோபுரத்தின் பெயர் தாங்கிய ஒரு கருவாட்டூர்! 2009இல் அங்கே அகழ்வாராய்ச்சி செய்தோர் ஆண்டவர் காலத்துத் தொழுகைக்கூடம் ஒன்றைக் கண்டெடுத்தனர். அந்த ஊர் மகள்தான் மகதலா மரியாள்.

அவளை ஏழு பேய்கள் அலைக்கழித்தன என்றும், இயேசுபிரான் அவளை விடுவித்தார் என்றும் புனித லூக்கா கூறுகிறார். அவளும், ஏரோதின் அலுவலனான கூசாவின் மனைவி யோவன்னாளும், சூசன்னாளும் வேறு பல பெண்களும் ஆண்டவரோடு ஊர் ஊராகச் சென்று, தங்கள் உடைமையைக் கொண்டு அவருக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்தனர். நற்செய்திப் பயணத்தின் செலவைப் பெண்களின் முந்தானை முடிச்சே தாங்கிற்று என்று சொன்னால் மிகையாகாது.

மரியாளைப் பாவியான பெண்ணாகவே பலர் அறிவர். 591ஆம் ஆண்டில் புனித பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரையில், நற்செய்தியில் வரும் வெவ்வேறு பெண்களை ஒருவராகக் கொண்டதால் பரவிய எண்ணம் அது. நற்செய்தி நூல்களோ அவளைப் பற்றி அவ்வாறு கூறவில்லை. சிலுவையடியில் நின்றவள், கல்லறைக்கு விடியலில் சென்றவள், உயிர்த்த ஆண்டவரைக் கண்டவள் என்றே கூறுகின்றன. பெண்ணின் சாட்சியத்துக்கு மன்றத்தில் மதிப்புக் குறைந்திருந்த அக்காலத்தில், உலகின் தலைசிறந்த செய்தியை அறிவிக்க ஆண்டவர் அவளையே அனுப்பினார். அவளும் தோழியரும் சொன்னதைத் திருத்தூதர்களே முதலில் வீண்பேச்சு என்று எண்ணினர். ஆயினும் அவள் சொன்னதே மெய்யாயிற்று. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவளது நினைவுநாளான ஜூலை 22ஐத் திருத்தூதர்களின் நாள்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தினார்.

‘பாட்டில்’ பெயரில்லாத பெண்ணை ஆண்டவர் தம் கணக்கில் முதற்பெயராக எழுதினார் என்பதே இதன் பொருள்.

கரையில் எரியும் அடுப்பு

ஆண்டவர் பெண்களின் பாட்டை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். மாவில் புளிப்பு மாவு சேர்க்கும் பெண்ணைக் கண்டு இறையாட்சியை விளக்கினார். தொலைந்த ஒரு காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடும் பெண்ணின் மகிழ்ச்சியைக் கொண்டு விண்ணகத்தின் மகிழ்ச்சியைக் காட்டினார். கோயில் உண்டியலில் ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகளை எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவரே. பன்னிரண்டு ஆண்டுகள் நோயுற்று, கையிருந்த பொருளையெல்லாம் மருத்துவருக்குச் செலவழித்த பெண், அவரது ஆடையைப் பின்னிருந்து தொட்டபோது, கூட்டத்தின் நடுவே நின்று அவளைத் தேடி, மகளே என்று அழைத்தார். கடனாளியின் அச்சமும் நோயாளியின் நாணமும் அவர் அறியாதவை அல்ல.

அவர் தரும் நம்பிக்கை, புயல் வராது என்ற வாக்குறுதி அன்று. அவர் இருந்த படகையும் அலை மோதிற்று. நாம் தனித்து விடப்படவில்லை என்பதே அவர் தரும் உறுதி. இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் சீடர்கள் சோர்ந்து திரும்பிய விடியற்காலையை நினைவுகூர்வோம். உயிர்த்த ஆண்டவர் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். சாவை வென்றவர் பசித்தவர்களுக்குக் காலை உணவு சமைத்தார்! அடுப்படியில் நாள்களைக் கழிக்கும் எந்தப் பெண்ணும் இனித் தன் வேலை சிறிது என்று எண்ண வேண்டியதில்லை.

அப்படியாயின் அந்தத் தாயின் கேள்விக்கு விடை என்ன? தண்டல்காரனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஆண்டவர் நம் கைகளில் ஒப்படைத்திருக்கிறார் என்பதே விடை. ஒருத்தி தனியாக நின்றால் கடன் அவளை விழுங்கும். பத்துப் பெண்கள் கூடிச் சிறுகச் சேமித்து, வேண்டியவளுக்கு நியாயமான வட்டியில் கொடுத்துதவினால், வாசலில் நிற்பவனின் குரல் தாழும். சுய உதவிக் குழுக்கள் பல ஊர்களில் மெய்ப்பித்துக் காட்டிய உண்மை இது. மகதலா மரியாள் தனியாக நடக்கவில்லை. யோவன்னாளும் சூசன்னாளும் உடன் நடந்தார்கள் என்பதை மறவாதிருப்போம்.

பங்குக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மீன்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்காக அரை நாழிகை வாதாடும்போது, அவள் விழித்தெழுந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். குடித்துவிட்டுக் கைநீட்டும் கணவனைப் பொறுத்துக்கொள்வதே சிலுவை சுமப்பது என்று எந்தப் பெண்ணுக்கும் அறிவுரை கூறாதீர்கள். அவளுக்கு அடைக்கலமாய் இருப்பதே நம் கடமை. மகனைப் போலவே மகளையும் படிக்க வையுங்கள். பங்குப் பேரவையில் உழைக்கும் பெண்கள் பேசும்போது, அதை வீண்பேச்சு என்று ஒதுக்காமல் செவிகொடுங்கள். திருத்தூதர்கள் செய்த பிழையை நாமும் செய்ய வேண்டாம்.

அன்புச் சகோதரிகளே! முகத்துவாரத்தை மணல் மூடும் காலம் ஏரிக்கு உண்டு. அதுபோல் மனித உள்ளத்துக்கும் உண்டு. கடன், நோய், இழப்பு, அவமதிப்பு என மணல் மேல் மணலாகக் குவிந்து, இனி எந்த அலையும் உள்ளே வராது என்று தோன்றும். அக்காலத்தில் குப்பத்து மக்கள் ஏரியைக் கைவிட்டுவிடுவதில்லை. ஒன்றுகூடி வாயிலைத் திறக்க வழி தேடுகிறார்கள். நாமும் செபத்தாலும், ஒருவரையொருவர் தாங்கும் அன்பாலும், நீதிக்காக எழுப்பும் குரலாலும் அந்த வாயிலைத் திறந்து வைப்போம். கல்லறையை மூடிய கல்லையே புரட்டிப்போட்டவர் நம்மோடு இருக்கிறார். நேற்று கலிலேயாக் கரையில் நின்றவர், இன்று பழவேற்காட்டுக் கரையிலும் நிற்கிறார். நம் பிள்ளைகளின் காலத்திலும் நிற்பார். மகிமை மாதாவின் பரிந்துரையால் அந்த நம்பிக்கை நம் இல்லங்களில் அணையா விளக்காய் ஒளிர்வதாக!