தும்பிக்கை வைத்த ‘லை’

கீரனூர் கடைவீதியில் ஒரு பேக்கரியின் பிளக்ஸ் போர்டு. பிரஷ்ஷால் விளையாட்டாக இழுத்துவிட்டது போன்ற எழுத்து; முனை மழுங்கி, வளைவில் தடித்து, வாலில் மெலிந்திருந்தது. ஆனால் ‘பேக்கரி’யில் அடுத்தடுத்து நிற்கிற ‘க்’கும் ‘க’வும், புள்ளியை விட்டுவிட்டால் மயிரிழை பிசகாமல் ஒன்றே. கை அப்படி எழுதாது. ஃபான்ட்தான். யார் கையிலிருந்து வந்தது?

பிளக்ஸ் அடித்த பையன் கோரல்டிராவைத் திறந்து காட்டினான். “கையால எழுதுன மாதிரி வேணும்பாங்கண்ணே. பேரையெல்லாம் யாரு பாக்குறா?”

பெயர் அரிமா மதுரை. மதுரைக்காரர் யாரோ என்று தேடிப் போனால் போர்ச்சுகலில் போய் நிற்கிறது. நடானியல் காமா, ஜோவானா கொரெய்யா என்ற இருவரின் வேலை. மெல்லியதிலிருந்து தடித்தது வரை எட்டு எடைகள். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக வந்தது. மலையாளத்துக்கு இதன் உடன்பிறப்பு அரிமா கோஷி.

போர்டில் கீழே இருந்த ஆங்கில வரி மிஸ்ட்ரால். அதற்கு ஊரும் கையும் தெளிவாகவே உண்டு. ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தையே மாதிரியாக வைத்து வரைய, 1953இல் மார்செய் நகரின் ஒலீவ் வார்ப்படச்சாலை அதை ஈயத்தில் வார்த்தது. தனித்தனி அச்சுகளை அடுக்கினாலும் கூட்டெழுத்தாகச் சேரும், அசாத்திய வேலை. பிறகு எம்.எஸ். ஆபீஸோடு ஊர் ஊராகப் பரவிவிட்டது.

தமிழுக்கு இந்தத் தடிப்பும் மெலிவும் எப்படி வந்தன? ஓலையில் எழுத்தாணி கீறியது ஒரே கனக் கோடு. பட்டை பிரஷ் வந்த பிறகுதான் போர்டு எழுத்துக்கு இந்தச் சதைப்பிடிப்பு என்பது என் எண்ணம். அதைக் கேட்கத்தான், பிளக்ஸ் வந்ததும் தொழிலை விட்ட ஓர் ஆர்ட்டிஸ்டைப் பார்க்கப் போனேன்.

பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துச் சிமெண்டுத் தரையில் ‘அரிசி ஆலை’ என்று எழுதினார். மணிக்கட்டு அசையவில்லை, விரல்களுக்கிடையில் காம்பு மட்டும் உருண்டது. 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணையோடு பாடப்புத்தகத்தை விட்டுப் போன, தும்பிக்கை வைத்த பழைய ‘லை’. அந்தச் சுழிப்பை ஒரே இழுப்பில் முடித்தார். அடுத்து ‘பேக்கரி’ எழுதச் சொன்னேன். இரண்டாவது ‘க’ கொஞ்சம் ஒடுங்கி, முதல் ‘க்’கின் வாலுக்கு இடம் விட்டு உட்கார்ந்தது.

“இடத்தப் பாத்துத்தான் தம்பி எழுத்து.”

டெல்லியில் ஹனீஃப் குரேஷி என்பவர் போர்டு ஆர்ட்டிஸ்டுகளின் எழுத்தை ஃபான்ட்டாக்கி, ‘பெயிண்டர் கஃபீல்’ என்று எழுதியவர் பெயரையே அதற்கு வைத்ததைச் சொன்னேன். 2024இல் குரேஷி இறந்துவிட்டார், ஃபான்ட் இருக்கிறது. உங்கள் எழுத்தையும் அப்படி ஃபான்ட்டாக்கலாமே என்றேன்.

“அப்ப ஓரத்துல நம்ம ஆர்ட்ஸ் பேரு போட வேணாமா?”

“ஃபான்ட்டே உங்க பேருதாண்ணே.”

“சரி, எழுதித் தர்றேன். ஆனா ‘க’ நாலஞ்சு தினுசு வாங்கிக்கணும். பழைய ‘லை’யும் இருக்கணும்” என்று பிரஷ்ஷை உதறினார்.