எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்

போன வாரம் எங்கள் தெருமுனை மெக்கானிக் கடையில் ஒரு சத்தம். 'டட்... டட்... டர்ர்ர்ர்!' கத்திரிக்காய்ப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். யமஹா ஆர்.எக்ஸ். 100!

கறுப்பு டேங்க் பளபளக்கிறது. ஒரு பையன் பெற்ற பிள்ளையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன விலைப்பா?"

"ஒண்ணேகால் லட்சம் சார். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் ஆர்.சி. புக்கோட ஒத்துப்போகுது. இதுக்கு மேலயும் கேக்கறாங்க."

எனக்குக் கத்திரிக்காய் கனத்தது.

1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன். ஆனால் எடை நூறு கிலோ சொச்சம்தான். அதனால்தான் திருகினால் அம்பு! புகை விதிகள் இறுகியதும் இந்த டூ-ஸ்ட்ரோக்குக்கு மங்களம் பாடிவிட்டார்கள். இனி புதுசு வராது. இருக்கிறதிலும் பாதியை சைலன்ஸரை வெட்டி, கலர் மாற்றி, நம்ம ஆட்களே சீரழித்தாச்சு. ஒட்டுப்போடாத பீஸுக்கு ஏன் யானை விலை என்று புரிகிறதா?

என்னிடமும் ஒன்று இருந்தது சார். 1998-ல் அப்பாவுக்கு ஆபரேஷன். மனைவியின் நாலு பவுன் வளையல் அடகுக்கடைக்குப் போனது. அப்பா பிழைத்தார். வட்டிதான் கட்டி மாளவில்லை. வண்டியை 8,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு வளையலை மீட்டேன்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். "ஒண்ணேகால் லட்சம்டி! அநியாயமா வித்துட்டேனே!"

மனைவி கத்திரிக்காயை நறுக்கியபடியே, "இன்னிக்குப் பவுன் என்ன விலைன்னு பார்த்தீங்களா? இந்த நாலு பவுனை வித்தா உங்க வண்டி ரெண்டு வாங்கலாம்" என்றாள்.

கணக்கில் நான் எப்பவுமே வீக்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அதுக்கப்புறம் மாமா ஆறு வருஷம் நம்மகூட இருந்தாரே. அதுக்கு என்ன ரேட் போடுவீங்க?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அந்த ஆறு வருஷமும் சாயங்காலமானால் அப்பா வாசலில் உட்கார்ந்து, "உன் வண்டிச் சத்தம் இல்லாம நீ வர்றதே தெரியலைடா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனேன். பையன் யோசித்து யோசித்து சாவியை நீட்டினான். "அஞ்சு நிமிஷம்தான் சார்!"

நாலாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. என் முழங்கால் அன்றோடு நின்றது. அவள் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டாள். கையில் அந்த வளையல்கள்.

"மெதுவாப் போங்க" என்றாள், 26 வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே குரலில்.

அப்போதும் நான் கேட்டதில்லை!