செல்ஃப் எடுக்காத அம்பாசடர்

'வண்டி ஸ்டார்ட் ஆகலை' என்று போய் நின்றால், அனுபவப்பட்ட மெக்கானிக் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். 'செல்ஃப் எடுக்குதா, எடுக்கலையா?' செல்ஃப் எடுத்து, எஞ்சின் உருண்டும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், பிளக், பாயின்ட், காயில் என்று தேட வேண்டும். எஞ்சின் உருளவே இல்லை என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பேட்டரியிலிருந்து கரன்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போகிற வழியிலோ, திரும்பி வருகிற வழியிலோ, அல்லது அந்த இரண்டிலுமோதான் கோளாறு. போகிற வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பி வருகிற வழியைப் பார்ப்பவர்கள் குறைவு. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு வீடு ஒன்றில், 1978-ம் வருட அம்பாசடர் அதனாலேயே பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்தது.

மார்க் 3 மாடல், பெட்ரோல் வண்டி. உத்தரப்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் அந்த வீட்டுப் பெரியவருக்கு இதைக் கொடுக்க மனசு வரவில்லை. மாப்பிள்ளை அழைப்பு, பிரசவ ஆஸ்பத்திரி, புண்ணாக்கு மூட்டை என்று எல்லாவற்றையும் சுமந்த வண்டி. தோப்பைக் கவனிக்கும் மகனுக்கோ அது கொட்டகையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த இரும்பு. யூரியா, பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே அது நின்றிருந்தது. உரத்தின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பையும் இரும்பையும் அரிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் செல்ஃப் எடுத்தது, மறுநாள் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாரன் கணீரென்று அடித்தது, விளக்கும் பிரகாசமாக எரிந்தது. 'பேட்டரி போச்சு' என்றார் ஒருவர். புது பேட்டரி வந்தது. இரண்டு நாள் எடுத்துவிட்டு மறுபடியும் 'டக்'. 'அப்ப செல்ஃப் மோட்டார்தான்' என்றார் இன்னொருவர். மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, மாட்டினார்கள். அதன் பிறகும் அதே 'டக்'. ஒவ்வொரு முறை செலவு செய்த பிறகும் ஓரிரு நாள் வண்டி எடுத்ததுதான் எல்லோரையும் ஏமாற்றியது. கழற்றி மாட்டும்போது எங்கோ ஒரு தொடுப்பு தற்செயலாக அசைந்து கொடுத்திருக்கிறது.

இதற்கு நடுவில்தான் அந்த ஆபத்து நடந்தது. மெக்கானிக் செய்ததைப் பார்த்திருந்த மகன், பானெட்டைத் திறந்து, சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் ஸ்பேனரால் இணைத்தார். அன்றைக்குப் பார்த்து செல்ஃப் எடுத்துவிட்டது. வண்டி கியரில் இருந்தது. இந்த மாடலில் கியர் லிவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். வெளியே நின்று பார்த்தால் நியூட்ரலா, கியரா என்று தெரியாது. வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்தது. முன்னால் கைத்தடியோடு நின்றிருந்த பெரியவரை மகன் தோளைப் பிடித்துத் தள்ளியதால் பம்பர் வேட்டியை மட்டும் உரசிப் போனது. அன்று மாலையே, இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டார் மகன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடவும் இல்லை.

இந்தக் குறுக்கு வழியை டிராக்டரில் செய்பவர்கள் இன்னும் அதிகம். தரையில் நின்றபடியே செல்ஃப் மோட்டாரை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது, பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு வண்டியைக் கிளப்புவதற்குச் சமம். கியரில் இருந்தால் விலகக்கூட நேரம் இருக்காது. உலகெங்கும் உழவர்கள் இப்படி உயிர் இழந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை, இரும்புக் கடைக்காரருக்கு முன்பாக வந்து சேர்ந்தவர் பெரியவரின் நண்பர். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கருவி என்று அவர் கொண்டுவந்தது ஒரு மல்டிமீட்டரும் உப்புத்தாளும் மட்டும்.

அவர் முதலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்துக்குக் கல் வைத்தார். பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். 12.2 காட்டியிருந்தால் பாதிதான் மிச்சம் என்று கணக்கு. பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, "சாவியைத் திருப்பு தம்பி" என்றார். 'டக்'. விளக்கு மங்கவே இல்லை.

"பாத்தியா தம்பி? பேட்டரி வீக்கா இருந்தா வெளிச்சம் மங்கிச் செத்துப் போகும். மோட்டார் சிக்கிக்கிட்டிருந்தாலும் மங்கும். சத்தமே வரலைன்னா சாவி, சோலனாய்டு பக்கம் பாக்கோணும். இங்க சத்தமும் வருது, வெளிச்சமும் குறையலை. அப்படின்னா கரன்ட்டு மோட்டாருக்குள்ள ஓடவே இல்லை. எங்கியோ பாதை அறுந்திருக்குது."

"ஹாரன் அடிக்குதுங்களே மாமா?" என்றார் மகன்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது 8 ஆம்பியர் அளவு. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். பேட்டரி முனையில் களிம்பு பிடித்து வெறும் 0.02 ஓம் தடை ஏற்பட்டிருந்தால், விளக்குக்கு நஷ்டம் 0.16 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. மோட்டாருக்கு நஷ்டம் 3 வோல்ட், படுத்துவிடும். பாதி அடைத்த குழாயில் குடம் நிறையும், ஆனால் ஸ்பிரிங்க்ளர் சுற்றாது. அதே கதைதான்.

இந்த வண்டியில் இன்னொரு விஷயமும் இருந்தது. விளக்கு, ஹாரன், சோலனாய்டு எல்லாம் பாடியில் எர்த் ஆகின்றன. செல்ஃப் மோட்டாரோ எஞ்சினில் இருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே தனியாக ஒரு பின்னல் எர்த் ஒயர் தேவை. அது இல்லையென்றால், மோட்டாருக்கு வந்த கரன்ட் திரும்பிப் போக வழி கிடையாது.

"சோக் கம்பி எப்பவாச்சும் சுட்டுதா?" என்று கேட்டார் நண்பர். பெரியவர் நிமிர்ந்தார். "ஆமாப்பா, போன வாரம் கைல சுருக்குனு சுட்டுது. லேசாப் புகை கூட வந்துச்சு. சொன்னேன், யாரும் காதுல வாங்கலை." எர்த் ஒயர் இல்லாதபோது, மோட்டாரின் கரன்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த மெல்லிய கம்பி வழியாகப் பாடிக்குத் திரும்பப் பார்க்கும். கம்பி சூடாகும், மோட்டார் சுற்றாது. இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு வேண்டியதில்லை.

டிராக்டருக்கு வைத்திருந்த ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையைக் கடைசியாக எஞ்சின் போல்ட்டிலும் கொடுத்தார். கடைசி இணைப்பைப் பேட்டரியை விட்டுத் தள்ளிக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு, சின்னத் தீப்பொறியிலும் வெடிக்கும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உருண்டது. மூன்றாவது சுற்றில் பிடித்தது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது பின்னல் ஒயர் இருந்தது. ஆனால் ஒரு முனை போல்ட் இல்லாமல், கிரீஸ் சேற்றில் தொங்கியது. ஆறு மாதத்துக்கு முன்பு கிளட்ச் பிளேட் மாற்றிய பட்டறையில் கழற்றியதை மாட்ட மறந்திருக்கிறார்கள். உலோகத்தில் பட்டபோது வண்டி எடுத்தது, விலகியபோது மக்கர் செய்தது. புது ஒயர் வாங்கி, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் இறுக்கினார்கள். பேட்டரி முனைகளிலிருந்த வெள்ளைப் பூவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, காய்ந்த பிறகு வாசலின் தடவினார்கள். இரும்புக் கடைக்காரர் வந்து மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

நண்பர் கிளம்புமுன் வேறு இரண்டு விஷயங்களும் சொன்னார். இதுபோன்ற பழைய வண்டிகளில் பெண்டிக்ஸ் வகை செல்ஃப் இருந்தால், அதன் பினியன் சில நேரம் பிளைவீல் பல்லில் சிக்கிக்கொள்ளும். அப்போது விளக்கு மங்கும். சாவியை அணைத்துவிட்டு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். பெண்டிக்ஸில் கிரீஸ் பூசக் கூடாது. தூசி ஒட்டி, மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் உருளாமல் போகும். எதுவானாலும் சாவியைப் பத்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறிய மோட்டாரிலிருந்து கொஞ்ச நேரத்துக்குப் பெரிய வேலை வாங்குவதுதான் செல்ஃப். அமெரிக்காவின் ஓஹாயோவில் பண்ணை வீட்டில் பிறந்த சார்லஸ் கெட்டரிங், 1912 மாடல் கேடிலாக் காருக்கு அதைச் செய்தபோதும் அடிப்படை யோசனை அதுதான்.

மகன் முன் பம்பருக்குள் இருந்த ஹேண்டில் துவாரத்தைக் காட்டி, "இதுல அடிச்சுப் பாத்திருக்கலாங்களா?" என்றார். "பாத்திருக்கலாம். ஆனா கட்டை விரலை மத்த விரலோட ஒரே பக்கமா வெச்சு, கீழிருந்து மேல இழுக்கோணும். அமுக்கிச் சுத்துனா, எஞ்சின் திருப்பி அடிக்கறப்ப மணிக்கட்டு போயிரும்" என்றார் நண்பர்.

அதோடு விடாமல், கொட்டகையின் மறுபக்கம் நின்ற டிராக்டரின் எர்த் ஒயரையும் கழற்றச் சொன்னார். அதன் அடியிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பெரியவரின் மனைவி புளியும் உப்பும் கொண்டுவந்து தர, மகன் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்.