20 டிரில்லியன் கன அடியும் ஒரு பி.காம் மாணவனும்

காமர்ஸ்காரனுக்கு கேஸ் கிணற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அக்கவுண்ட்ஸில் முதல் வருடமே ஒன்று சொல்லித் தருவார்கள்: வரப்போகிற லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்கி வை. இதற்கு உதாரணம் தேடியபோது மாட்டியதுதான் தீன்தயாள்.

ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் கடலுக்கடியில் இருக்கும் எரிவாயு வயல் அது. தோண்டியது குஜராத் அரசின் ஜி.எஸ்.பி.சி. நிறுவனம். 2005-இல் 20 டிரில்லியன் கன அடி வாயு இருப்பதாக அப்போதைய முதல்வர் நரேந்திர மோடி அறிவித்தார்.

வாயு இருந்தது நிஜம்தான். எடுப்பதில்தான் பாடு. எங்கள் செவிலிமேடு பாலாற்று ஓரம். மணலுக்குள் இடுக்கு நிறைய, தண்ணீர் தானாக ஊறி வரும். அங்கே இருப்பது இறுகிய பாறை. வாயு இருக்கும் துளைகளுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே கிடையாது. போதாக்குறைக்கு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூடு, பயங்கர அழுத்தம். தோண்டும்போது கிணற்றை அடக்க கனமான சேற்றுக் கரைசலை நிரப்புவார்கள். கனம் குறைந்தால் வாயு பீறிட்டு மேலே வரும், கூடினால் பாறை விரிந்து சேறு உள்ளே ஓடிவிடும். கம்பி மேல் நடக்கிற கதைதான்!

தோண்டினால் மட்டும் போதாது, பாறையையும் திறக்க வேண்டும். திரவத்தை அழுத்தி விரிசல் உண்டாக்கி, அது மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க மணல் போன்ற கெட்டிக் குருணையைத் திணிப்பார்கள். (நம்மூரில் வற்றிய போர்வெல்லுக்கும் குடிநீர் வாரியம் தண்ணீரை அழுத்தி இதே வித்தையைச் செய்வதுண்டு.) தீன்தயாளிலும் செய்தார்கள். எதிர்பார்த்த அளவு வரவில்லை. சோதனை உற்பத்தியே 2014-இல்தான் தொடங்கியது. அதற்குள் வட்டி ஏறிக்கொண்டே போனது. 2011 மார்ச்சில் 7,126 கோடியாக இருந்த கடன், 2015 மார்ச்சில் 19,716 கோடி என்கிறது சி.ஏ.ஜி. அறிக்கை. 2017-இல் ஓ.என்.ஜி.சி. 80 சதவீதப் பங்கை சுமார் 7,738 கோடிக்கு வாங்கியது.

அதே இறுகிய பாறைப் பிரச்சினை ராஜஸ்தானின் ராகேஸ்வரி வயலிலும் இருந்தது. அங்கே எரிமலைப் பாறை. ஒரே கிணற்றில் கட்டம் கட்டமாக விரிசல் போட்டு வாயு எடுத்தார்கள். ஆனால் அது தரை. ஒரு கிணறு சொதப்பினால் ரிக்கை அடுத்த இடத்துக்கு லாரியில் கொண்டு போகலாம். கடலில் ரிக் சும்மா நின்றாலும் வாடகை ஓடும். அதனால் என்ஜினியர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிணறு எவ்வளவு தரும் என்று தெரிவதற்கு முன்பே 20 டிரில்லியனை மேடையில் வரவு வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

அடுத்து ஜரிகை விலை பற்றி எழுத ஆசை. செமஸ்டர் முடியட்டும்.