திக்கல்

புதுக் கணினியில் மகன் ஆடும் விளையாட்டு திக்கிற்று. திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்க வல்லது. விண்டோஸில் 60 என்றே கிடந்தது. மாற்றினேன். 2013-ல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க்கையும் இயக்கினேன்: அடுத்த பிரேம் தயாராகும்வரை திரை காத்திருக்கும். படக் கிழிசல் போயிற்று, திக்கல் போகவில்லை.

நொடிக்குச் சராசரி 90 பிரேம். நம் மதிப்புரைகளைப் போல அதுவும் சமாதானமே சொல்லிற்று. ஒவ்வொரு பிரேமுக்கும் ஆன நேரத்தைப் பார்த்தேன்: 11 மில்லிநொடிகளுக்கு நடுவே ஒன்று 120. புது இடம் வந்த பிறகுதான் அதற்கான ஷேடர்களைத் தொகுக்கிறது. மறுமுறை அதே இடத்தில் திக்கவில்லை.

மகனுக்கும் பேச்சு திக்கும். அவன் முடிக்குமுன் சொல்லை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். காத்திருப்பதால் திக்கல் தீராது. கிழிசலாவது இராது.