சேற்றுக்கு அடியில் ஒரு தரை

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்துவிட்டால், தண்ணீர் கல்லணை தாண்டி கிளை வாய்க்கால்களில் ஏறும் நாட்களில் டெல்டாவில் டிராக்டர் குதிரைக்கொம்பு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சேற்றுழவு வேண்டும். அப்படியொரு குறுவைப் பருவத்தில், அம்மாபேட்டைப் பக்கம் வாடகைக்கு உழும் ஓட்டுநர் ஒருவருடன் வயலுக்குப் போனேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, பின்னால் ரோட்டவேட்டர்.

வந்ததும் அவர் வண்டியில் ஏறவில்லை. கைலியை மடித்துக் கட்டி, செருப்பை வரப்பில் விட்டு, கணுக்கால் நீரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். சில இடங்களில் நின்று குதிகாலை அழுத்திப் பார்த்தார்.

“சேத்துல வண்டி ஓடுதுன்னு நினைக்காதீங்க சார். சேத்துக்கு அடியில தரை இருக்கு. அதுமேலதான் ஓடுது.”

ஆண்டாண்டாகச் சேடை ஓட்டிய வயலில், கலக்கிய மண்ணுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒரு சாண் ஆழத்தில் களி இறுகித் தட்டாகிவிடுகிறது. மேலே குழம்பிய மண் துளைகளை அடைக்கிறது; கீழே இருக்கும் தட்டு தண்ணீரைக் கசியவிடாமல் தாங்குகிறது. நெல்லுக்கு நீரை நிறுத்தித் தருவதும் சக்கரத்துக்குப் பிடிமானம் தருவதும் அதே தட்டுதான். வெண்ணாற்றுப் பாசனத்தின் பழைய களிமண்ணில் இது நன்றாக அமைந்திருக்கும். 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மண் இலேசானது. அங்கே அதே வண்டியை வேறு மாதிரி ஓட்ட வேண்டும் என்கிறார்.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டரில் முன்சக்கரங்கள் வெறுமனே உருளும். ஆழச் சேற்றில் அவை உருளாமல் மண்ணைத் தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் பலர் ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். அதோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை பெயரும், வழக்கும் வரும். முன்சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

“ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு. சாதா வண்டி உளை ஓரத்துலயே நின்னுடும். இது நடுவுல கொண்டுபோய்தான் நிக்கும்.”

இரண்டாவது சால் ஓடும்போது அதைக் கண்ணால் பார்த்தேன். வயலின் வடகோடியில் பின்சக்கரம் ஒருபக்கமாக இறங்கியது. முன்பு போர் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடமாம், உரிமையாளருக்கே மறந்துபோயிருந்தது. மேலே பார்த்தால் மற்ற சேறு போலத்தான். தட்டு அங்கே உடைந்திருக்கிறது.

இறங்கியதும் அவர் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை. சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பின்சக்கரம் சிக்கிச் சுழல முடியாமல் போனால், எஞ்சினின் விசை வண்டியின் முன்பகுதியையே தூக்கும். வண்டி ஓட்டுநர் மேல் மல்லாந்துவிடும். சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் கிளப்பப் பார்ப்பவர்களுக்கு இப்படி நேர்கிறது. இவர் ரோட்டவேட்டர் சுழற்சியை நிறுத்தித் தூக்கினார். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுழல டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டார். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தார்.

பிறகு அந்த இடத்தைச் சுற்றி மூங்கில் குச்சிகளை நட்டார். இதேபோல, பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்துக்கு முன்பே சாலை ஓரங்களில் கம்பு நடுவார்கள். ஆளுயரப் பனியைத் தள்ளிவரும் வண்டிக்காரருக்குச் சாலை எங்கே முடிகிறது என்று அந்தக் கம்புதான் சொல்லும். அங்கும் மேலே தெரிவதை நம்பி ஓட்ட முடியாது.

வரப்பில் அண்டை வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் மாட்டு ஏர் பிடித்தவர். “மாடுன்னா கால் உள்ள போறப்பவே நின்னுடும் தம்பி. ஓட்டுறவன் புரிஞ்சுக்குவான். எஞ்சினுக்கு என்ன தெரியும்?” என்றார். ஓட்டுநர் சிரித்தார், மறுக்கவில்லை. எடை கூடிய வண்டிகள் வரவர, ஈரத்தில் திரும்பத் திரும்ப ஒரே மூலையில் வளைத்தால் தட்டு அங்கே குழம்பிப்போகிறது என்று அவரே சொன்னார்.

அந்தக் குழப்பத்தின் விலையை முதலில் கொடுப்பவர்கள் நடவுக்கு வரும் பெண்கள். பக்கத்து வயலில் நாற்று முடி பிரித்துக்கொண்டிருந்த அக்கா, “நல்லா உழுததுன்னா கணுக்காலோட நிக்கும். முழங்கால் போனா ஒவ்வொரு எட்டுக்கும் காலைப் பிடுங்கணும். கூலி மட்டும் அதே கூலி” என்றார். நடவு இயந்திரத்தின் சக்கரமும் அதே தட்டின்மேல்தான் ஓட வேண்டும்.

டிராக்டர் வாங்குவோர் குதிரைத்திறனைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்தத் திறன் எதன்மேல் நின்று வேலை செய்கிறது என்பதைக் கேட்பவர் குறைவு. செலவில்லாத வழி ஒன்று உண்டு: குழாய்க்கோ குழிக்கோ தோண்டிய இடத்தை உரிமையாளர் குறித்துவைத்து, உழவுக்கு முன்பே ஓட்டுநரிடம் காட்டலாம். வண்டியைக் கிளப்பும் முன் இவர் வயல் உரிமையாளரிடம் கேட்பதும் அவ்வளவுதான்.