மஃபர் என்னும் துறை

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையை அரபு நாட்டார் 'மஃபர்' என்றழைத்தனர். கடந்து செல்லும் இடம், ஓடத்துறை என்பதே அச்சொல்லின் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கப்பலேறிய இப்னு பதூதா, கலம் சிதைந்து இக்கரையில் ஒதுங்கி, மதுரை சுல்தான் கியாதுத்தீனின் விருந்தினரானார். துறை ஒன்றின் பெயரே நாட்டின் பெயராய் வழங்கியது. அச்சொல் பிறந்த அதே வேரில்தான் கண்ணீரைக் குறிக்கும் 'அப்ரா' என்ற சொல்லும் பிறந்தது என்பதை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் நமக்குத் தனுஷ்கோடி நினைவில் எழும்.

பழனிமலை அடிவாரத்தாருக்குக் கடல்துறையோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். கொடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்கப் பாதிரிமாரின் சபை, யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரைக்கு வந்ததாகும். நம்மவரோ எதிர்த்திசையில் பிழைப்புத் தேடிச் சென்றனர். கொடைக்கானல் ரோடு நிலையத்தில் ரயிலேறி, மதுரையில் மாறி, பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடித் துறையில் இறங்குவர். ரயிலை விட்டிறங்கிப் பெட்டியுடன் சிறிது தொலைவு நடந்தால் கப்பல். ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்கு அப்பால் தலைமன்னார்; அங்கும் துறைமேடையிலேயே ரயில் காத்திருக்கும். 1914இல் தொடங்கிய ஏற்பாடு இது.

நம் தாயாரின் தந்தை கொழும்பில் ஜவுளி வணிகம் செய்தவர்கள். நோன்புக்குத் தவறாமல் ஊர் வருவார்கள். 1965 ஜனவரியில் ரமலான் பிறக்கவிருந்தது. வருவதாகக் கடிதமும் வந்திருந்தது. அதற்குள் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் எழுந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலை நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டது. நிலையமும் துறையும் ஊரும் அழிந்தன. அந்த ரமலானிலேயே பாட்டனார் கொழும்பில் வஃபாத்தானார்கள். தந்திதான் வந்தது. அடக்கத்தலத்தை நம் குடும்பத்தார் ஒருவரும் கண்டதில்லை. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து 1984 வரை கப்பல் ஓடிற்று. அதற்குரிய பணம் நம் வீட்டில் இல்லை. இன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பல் இருக்கிறது. தாயாருக்கோ எண்பதைக் கடந்த முதுமை.

அரிச்சல்முனைக்குச் சாலை வந்தபின் அவர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் சென்றோம். பத்து வயதில் தந்தையை வழியனுப்ப அத்துறைவரை சென்றவர்கள் அவர்கள். மாதா கோயிலின் கூரையற்ற சுவர்கள், ரயில் நிலையத்தின் இடிபாடு, மணல், இவையே எஞ்சியுள்ளன. அவற்றின் முன் நின்று படமெடுப்போர் 'பேய் நகரம்' என்கின்றனர். மனிதர் வாழ்ந்து மடிந்த ஊருக்கு அப்பெயர் நமக்கு ஒவ்வாதது. தலைமன்னாரிலாவது பழைய துறையின் இரும்புத் தூண்கள் துருவேறி நிற்கின்றன. இங்கே தாயார் தேடிய மேடையைக் காணோம்.

சங்குமாலை விற்ற மீனவப் பெரியவரிடம், "கப்பல் எங்கேப்பா நிக்கும்?" என்று கேட்டார்கள்.

அவர் தண்ணீரைச் சுட்டி, "அந்தா, அங்கிட்டுத்தாம்மா" என்றார்.

தாயார் அத்திசை நோக்கி நின்று யாசீன் ஓதத் தொடங்கினார்கள். நேரமாகிவிட்டதென்று வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஓதி முடித்த பிறகே திரும்பினார்கள்.